ஆச்சி வைத்துவிட்டுப் போன தங்கக் காசுகள்: உருக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீட்டில் பெரியவர்கள் விட்டுப்போன பழைய தங்கக் காசு இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இப்போதைக்கு நகைக்கடைப் படியேறாதீர்கள். எடை போட்டு, எழுத்தைப் படித்து, படம் எடுத்து வைத்த பிறகு எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போங்கள். நகைக்கடைக்காரருக்கு அது தங்கம், அவ்வளவுதான். அவர் தொழில் அது, அவர்மேல் தப்பில்லை. அது காசும்கூட என்பதைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். ஆச்சியின் மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர், அவர் காலத்துக் காசுகள்தான் ஆச்சி கைக்கு வந்திருக்கின்றன. ஆச்சி காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது உள்ளறையில் ஒரு தகர டப்பா, அதற்குள் மஞ்சள் துணி. ராணி தலையும் ராஜா தலையும் போட்ட பவுன் காசுகள் 14, அறுந்துபோன காசுமாலைத் துண்டு ஒன்று, ஒரு பக்கம் பெருமாளும் மறுபக்கம் நட்சத்திரமும் உள்ள தடித்த சின்னக் காசு இரண்டு, அப்புறம் தனியாகக் காகிதத்தில் மடித்து, கையில் எடுத்தாலே நழுவுகிற குட்டிக் காசுகள் கொஞ்சம். மாமா பார்த்தவுடன் முடிவு சொல்லிவிட்டார்: "எல்லாம் தங்கம்தான மருமவனே, மொத்தமா எடை போட்டு நாலாப் பிரிச்சிருவோம். உருக்கிக் கட்டியாக்கிட்டா சண்டையே வராதுல்லா." அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாலு வாரிசு, உயில் கிடையாது, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் போன பெண்ணின் சொத்து மகன், மகள், கணவர் இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சம பங்கு. தாத்தா ஏற்கெனவே இல்லை. ஆகவே மாமா, பெரியம்மா, அம்மா, சித்தி நாலு பேருக்கும் சமம். ஆனால் சமம் என்பதை எதை வைத்து அளப்பது என்பதுதான் கேள்வி.

அம்மா, "கொஞ்சம் பொறுங்கண்ணே, இவன் ஒருதரம் பாத்துச் சொல்லட்டும்" என்றாள். அப்படித்தான் அந்த டப்பா என் கைக்கு வந்தது.

முதல் வேலை, எதையும் துடைக்காமல் இருப்பது. இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. நம் வீடுகளில் தங்கம் என்றால் உடனே பூந்திக்கொட்டைத் தண்ணீர், இல்லாவிட்டால் புளி, திருநீறு, பற்பசை என்று ஏதாவது எடுத்துத் தேய்த்துவிடுகிறோம். நகைக்கு அது சரி. காசைத் தேய்த்தால் மேல்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும், வாங்குகிறவர் லென்ஸில் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதோடு சேகரிப்பாளர் தருகிற விலை போய்விடும். பெரியம்மா சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேவிட்டார்கள். வேண்டாம் பெரியம்மா என்று வாங்கி அப்பால் வைத்தேன். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும், கீழே மெத்தென்று துணி விரித்திருக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசவிடக் கூடாது, தங்கம் மிருது.

அடுத்தது எடை. அடுக்களைத் தராசு ஆகாது. 0.01 கிராம் காட்டுகிற சின்ன மின்னணுத் தராசு குறைந்த விலைக்கே கிடைக்கிறது, கூடவே குறுக்களவும் கனமும் அளக்க ஒரு வெர்னியர் அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பிரிட்டிஷ் பவுன் காசு 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு துளி கூட. 22 காரட் என்பதால் உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். புழங்கித் தேய்ந்த காசில் எடை கொஞ்சம் குறையும், அதற்கும் அந்தக் காலத்தில் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள்: 7.938 கிராமுக்குக் கீழே போனால் செல்லாது. எங்கள் டப்பாவில் இருந்தவை பெரும்பாலும் 7.96-க்கும் 7.98-க்கும் நடுவில் நின்றன. ஒன்று மட்டும் 7.81. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

எடையும் அளவும் சரியாக இருந்தால் போதுமா என்றால் போதாது, ஆனால் இந்த இரண்டும் ஒருசேரச் சரியாக வருவது மட்டமான போலிக்குக் கஷ்டம். பித்தளையில் அதே எடை வரவேண்டுமென்றால் காசு தடித்துவிடும், அதே கனத்தில் செய்தால் எடை குறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை செய்யலாம், காசுக்கு எந்தச் சேதமும் இல்லை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொண்டு, காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முங்கத் தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. தராசு இப்போது காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண், வந்துவிடும். நல்ல பவுனுக்குத் தராசு 0.45 கிராம் அளவில் காட்டும், வகுத்தால் 17.6-க்குப் பக்கத்தில் வரும். 0.01 கிராம் தராசில் ஒரு காசை மட்டும் பார்த்தால் பிழை கூடுதல், 0.44-ஆ 0.46-ஆ என்பதிலேயே விடை மாறிப்போகும். ஒரே மாதிரி உள்ள பத்துக் காசைச் சேர்த்து ஒரு வலைத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் நாலரைக் கிராம் அளவில் எண் வரும், அப்போது கணக்கு நிற்கும். கூட்டத்தில் ஒன்று மோசம் என்று தெரிந்தால் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் 7.81 கிராம் காசு இதில் தேறியது, தங்கம்தான். ஆனாலும் அது காசு இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இனிமேல்தான் படிக்கிற வேலை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி காசைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள். முன்பக்கம் யார் தலை என்பதைக் கொண்டு காலத்தைச் சொல்லிவிடலாம். கொண்டை போட்ட இளவயது விக்டோரியா என்றால் 1838 முதல் 1887 வரை, தலையில் குட்டிக் கிரீடம் வைத்திருந்தால் 1887 முதல் 1893 வரை, முக்காடு போட்ட வயதான ராணி 1893 முதல் 1901 வரை, வழுக்கைத் தலையோடு தாடி வைத்த ஏழாம் எட்வர்டு 1902 முதல் 1910 வரை, அதன்பிறகு ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கம் பெரும்பாலும் குதிரைமேல் வீரன் ஒருவன் நாகப்பாம்பு மாதிரி ஒன்றைக் கொல்கிற காட்சி. புனித ஜார்ஜும் டிராகனும் அது, பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியச் சிற்பி 1817-ல் செதுக்கியது, இன்றுவரை அதே படம்தான் வருகிறது. சில விக்டோரியா காசுகளில் குதிரைக்குப் பதில் கேடயம் இருக்கும்.

குதிரைக் காசில் ஆண்டுக்கு நேர் மேலே, குதிரையும் டிராகனும் நிற்கும் தரைக்கோட்டின் நடுவில், கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓர் எழுத்துதான் காசு எங்கே அடிக்கப்பட்டது என்று சொல்வது. எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா, எஸ்ஏ என்றால் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. ஐ என்றால் நம் பம்பாய். எழுத்தே இல்லை என்றால் லண்டன். இளவயது விக்டோரியா காசுகளில் மட்டும் இந்த எழுத்தைத் தலைக்கடியிலோ கேடயத்துக்குக் கீழேயோ தேட வேண்டும். ஆண்டுக்கு வலப்பக்கம் தெரிகிற பி.பி. என்ற குட்டி எழுத்துகள் சிற்பி பேரின் முதலெழுத்துகள், அதைப் பார்த்துப் பெர்த் என்று நினைத்துவிட வேண்டாம், இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது.

எங்கள் 14-ல் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியக் காசு. கொழும்புக் கடைக் காசு என்பதால் அப்படி என்று முதலில் நினைத்தேன், ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் எங்கே பார்த்தாலும் இதே கதைதான். காரணம் உண்டு. 1899-ல் பிரிட்டிஷ் பவுனை இந்தியாவில் 15 ரூபாய் மதிப்பில் சட்டப்படி செல்லும் பணமாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் தங்கம் வெட்டி அங்கேயே காசாக அடித்துக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1920-ல் மதிப்பை 10 ரூபாய் ஆக்கினார்கள், 1927-ல் செல்லும் பணம் என்ற நிலையே போய்விட்டது. அதற்குள் லட்சக்கணக்கில் நம் மக்கள் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். ஆகவே நூறு வருஷக் காசு என்பதாலேயே அது அரிய காசு ஆகிவிடாது. பழசு வேறு, அரிது வேறு. பெட்டியைத் திறந்தவுடன் கோடி ரூபாய் கணக்குப் போடுகிற சொந்தக்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

சித்தி மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பில், 1917-ம் வருஷப் பவுன் பல லட்சம் போகுமாம், நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தால் தரைக்கோட்டில் பி. அது பெர்த் காசு. 1917-ல் அரிதானது லண்டனில் அடித்தது, அதாவது எழுத்தே இல்லாதது. அடித்ததில் பெரும்பகுதி போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய் உருக்கப்பட்டுவிட்டது என்பார்கள், மிஞ்சியது சொற்பம். பெர்த் 1917 ஏராளமாகக் கிடைக்கிறது, தங்க விலைதான். ஒரே வருஷம், ஒரே ராஜா, ஒரே எடை, ஓர் எழுத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. இந்த லண்டன் 1917-க்கு விலை உண்டு என்பதாலேயே அதைப் போல் அடித்த போலிகளும் நிறைய, ஆகவே எழுத்தில்லாத 1917 ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதைவிட முக்கியம், அந்த எழுத்து இருந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்களா என்று லென்ஸில் தரைக்கோட்டை நன்றாகப் பாருங்கள்.

எங்கள் டப்பாவில் ஐ எழுத்துள்ள 1918 காசு ஒன்று இருந்தது, பம்பாயில் அடித்தது. பிரிட்டிஷ் அரசின் நாணயச்சாலையான ராயல் மின்ட் பம்பாயில் கிளை வைத்துப் பவுன் அடித்தது அந்த ஒரே ஆண்டுக் காசுதான், மொத்தம் 12,95,372. பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் அரிது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவில் சேகரிக்கிறவர்கள் எல்லோரும் அதில் ஒன்று வேண்டுமென்று கேட்பார்கள், ஆகவே தங்க விலைக்கு மேலே கொஞ்சம் கிடைக்கும். அதே பம்பாயில் அதே 1918-ல் பவுனுக்குச் சமமான எடையில் மொகர் என்ற 15 ரூபாய்த் தங்கக் காசும் அடித்தார்கள், அது வேறு, இப்போது அரிதாகவே கிடைப்பது, பின்பக்கம் குதிரைக்குப் பதில் மதிப்பும் ஆண்டும் கொடியலங்காரத்துக்குள் இருக்கும். அது உங்களிடம் இருந்தால் எக்காரணம் கொண்டும் தங்க விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கேடயம் போட்ட 1864. இந்த வகையில் 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்த காசுகளில் கேடயத்துக்கு அடியில், இலைவளையத்துக்கும் கீழே உள்ள பூவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எண் இருக்கும், அச்சின் எண். அந்த எண்ணை வைத்தே வரிசையாகச் சேர்க்கிறவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணுக்கு அது அழுக்கு மாதிரிதான் தெரியும்.

சரி, அந்த 7.81 கிராம் காசுக்கு வருவோம். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, பின்பக்கம் ஆண்டு 1908. 1908-ல் ராஜாவாக இருந்தவர் எட்வர்டு, ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததே 1910-ல். இப்படி ஒரு காசு இருக்கவே முடியாது. யாரோ பத்தர் நல்ல தங்கத்தில், கைக்குக் கிடைத்த இரண்டு காசிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்செடுத்து வார்த்திருக்கிறார். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, தளத்தில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னப் பொத்தல்கள், விளிம்புப் பற்கள் ஒரே சீராக இல்லை. ஏமாற்றுவதற்கென்றே செய்தது என்று சொல்ல முடியாது, காசுமாலையில் எண்ணிக்கை குறைந்தபோது நிரப்பச் செய்திருப்பார்கள். இந்த மாதிரி தங்கத்திலேயே செய்த போலிகள் நம் நாட்டில் மட்டுமில்லை, 1950-களில் லெபனான் பக்கமெல்லாம் நிறைய அடித்தார்கள். தங்க மதிப்பு உண்டு, காசு மதிப்பு இல்லை. காரட் மீட்டரில் வைத்தால் 22 காட்டும், அதை வைத்து அசல் என்று யாராவது சான்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கருவிக்குத் தங்கம் தெரியும், ராஜா வருஷம் தெரியாது.

காசுமாலைத் துண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளையம் பற்றவைத்த காசு எவ்வளவு நல்ல ஆண்டாக இருந்தாலும் சேகரிப்பாளர் விலை பெரும்பாலும் போய்விட்டது. வளையத்தை அறுத்து ராவித் தேய்த்துக் கொடுத்தாலும் பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பு நசுங்கியிருப்பது தெரிந்துவிடும். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968 முதல் 1990 வரை இருந்த காலத்தில் காசாகவும் கட்டியாகவும் வைத்திருக்கப் பயந்து பலர் நகையாக்கிவிட்டார்கள், அதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டும் சொல்வேன்: முழுசாக இருக்கும் பழைய காசுமாலையைக் காசுக்காகப் பிரிக்காதீர்கள். மாலையாகவே அதற்கு ஒரு மரியாதை உண்டு, பழைய வேலைப்பாட்டைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாலையில் ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசுகள் இருந்தால் அவை பணமாகப் புழங்கியவை அல்ல, பூஜைக் காசுகள், எந்தக் காலத்தது என்று சொல்வது கஷ்டம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவை அந்தத் தடித்த சின்னக் காசுகள் இரண்டும். மாமா பொறுமையில்லாமல் ஒன்றை ஊரிலுள்ள நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டுபோயிருந்தார். கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "மட்டத் தங்கம்யா, பத்தொன்பது காரட்டுதான் காட்டுது, உருக்கிப் பாத்துத்தான் விலை சொல்ல முடியும்" என்றார்களாம். மாமா முகம் சுண்டிப்போய்த் திரும்பி வந்தார். எனக்கோ அந்த எண்ணைக் கேட்டதும்தான் நம்பிக்கையே வந்தது. அது சென்னைப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன். ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் பொடிப்பொடியாகப் புள்ளி நிறைந்த தளத்தின் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம். எடை 3.4 கிராம். கம்பெனியே அதை ஏறக்குறைய 19 காரட்டில்தான் அடித்தது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று பழைய மதராஸ் கணக்கு. 1818-ல் ரூபாய் வந்து இந்தக் கணக்கையே ஒழித்துவிட்டது. ஆக, அந்தக் காசில் 19 காரட் இருப்பதுதான் சரி. 22 காரட்டில் பளபளவென்று ஒரு நட்சத்திர வராகன் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வெனிஸ் நகரத்து டக்கட் காசுக்கு இதற்கு நேர்மாறு: 3.5 கிராம் எடை, கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். அதைப் பார்த்து நம் ஊர்ப்பக்கம் ஆபரணத்துக்காகச் செய்தவை ஏராளம், அவற்றில் லத்தீன் எழுத்துகள் வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும், காரட்டும் குறைந்திருக்கும். ஒவ்வொரு காசுக்கும் அதனதன் காரட் என்ன என்று முதலில் தெரிந்துகொண்டு பிறகு கருவியில் வையுங்கள். காரட் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக உருக்கு உலைக்குப் போன வராகன்கள் எத்தனையோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

காகிதத்தில் மடித்திருந்த குட்டிக் காசுகள் பணம் என்ற வகை. 0.35 கிராம், ஏழு மில்லிமீட்டர். எங்களுடையவை மலையாளப் பக்கத்து வீரராயன் பணம், கோடும் புள்ளியுமாக இருக்கும். எளிதில் கிடைப்பவைதான், தங்கமும் கொஞ்சமே. பெரிய விலை இல்லை. ஆனால் தரையில் விழுந்தால் பெருக்குமாற்றில் போய்விடும், எண்ணி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தோம். இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், சோழர் தங்கக் காசு என்று புலியும் மீனும் போட்டு இணையத்தில் விற்பவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை. ராஜராஜன் செப்புக் காசு தாராளமாகக் கிடைக்கும், தங்கக் காசு அப்படிக் கிடைக்காது.

விலைக்கு வருவோம். இரண்டு கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும். முதலாவது தங்க மதிப்பு. பவுன் காசில் 7.32 கிராம் சுத்தத் தங்கம் என்றேன், கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 73,200. அன்றன்றைய 24 காரட் விலையை இந்திய புல்லியன் நகை வியாபாரிகள் சங்கம் வெளியிடுகிறது, அதை எடுத்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். இதற்குக் கீழே யார் கேட்டாலும் எதற்காகக் குறைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அசல் பவுனுக்கு அழுக்கு, கழிவு, சேதாரம் என்று பிடிப்பதற்கு இடமே இல்லை, அதன் காரட் உலகத்துக்கே தெரியும். இரண்டாவது, அதற்கு மேலே சேகரிப்பாளர் தருகிற கூடுதல். இதைத் தெரிந்துகொள்ள ஏலத்தில் உண்மையில் போன விலையைப் பார்க்க வேண்டும், இணையத்தில் கேட்கிற விலையை அல்ல. கேட்கிற விலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தின் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பட்டியல்களைப் பார்த்தால் அதே காசு, அதே எழுத்து, அதே தரத்தில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும். கூடவே அந்தத் தேதியில் தங்கம் என்ன விலை என்றும் பார்த்துக் கழியுங்கள். தங்கம் ஏறிக்கொண்டே போகும்போது பத்து வருஷத்துக்கு முந்தைய பட்டியல் விலை இன்றைய உருக்கு விலையைவிடக் குறைவாக இருக்கும், அந்தப் புத்தகத்தைக் காட்டி உங்கள் காசை மலிவாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தரத்தை நாமே கூட்டிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. குதிரை வீரனின் தலைக்கவசம், குதிரையின் வயிற்றுப்பகுதி, ராஜாவின் காதுமடல், தாடி இந்த மேடான இடங்கள்தான் முதலில் தேயும். அங்கே கோடுகள் மழுங்கியிருந்தால் அது புழங்கிய காசு. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி இருக்கிறது, எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுக்கென்றே பகுதி இருக்கிறது, அங்கே அசலை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் அப்புறம் போலி தானாகவே கண்ணை உறுத்தும். ஒரே ஆளிடம் காட்டி அவரே மதிப்புச் சொல்லி அவரே வாங்குகிற ஏற்பாடு மட்டும் வேண்டாம். மதிப்புச் சொல்கிறவருக்குக் கட்டணம் கொடுத்துவிடுங்கள், விற்பதானால் வேறொருவரிடம் விற்கலாம்.

பழைய காசை லட்சங்களுக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள், வரி கட்டுங்கள் என்று தொலைபேசியில் வருகிறவர்களை அப்படியே துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பேரைச் சொல்லியே இது நடக்கிறது, வங்கியே 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு நோட்டில் காசுக்கு ஒரு வரி எழுதினேன்: வரிசை எண், ஆண்டு, எழுத்து, எடை, தரம், தங்க மதிப்பு, கூடுதல் மதிப்பு. இரண்டு பக்கமும் விளிம்பும் கறுப்புத் துணியில் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு படம். நாலு பேருக்கும் ஒரு நகல். சாதாரணப் பவுன்களைத் தங்க மதிப்பில் நாலாகப் பிரித்தோம். பம்பாய்க் காசு, கேடயக் காசு, வராகன் இரண்டும் நாலு பொருளாக வைத்துச் சீட்டுக் குலுக்கி எடுத்து, மதிப்பு வித்தியாசத்தைச் சாதாரணக் காசில் சரிக்கட்டினோம். மாமாவுக்கு வராகன் விழுந்தது. மட்டத் தங்கம் என்று ஒதுக்கினவர் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் லென்ஸைக் கொடுத்து நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்கிறார், அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

வைக்கும் விதம்: பிளாஸ்டிக் உறை வாங்கினால் பிவிசி கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், தங்கத்தில் கலந்திருக்கும் செம்பு கறுக்கும்.

வரி பற்றி: வாரிசாக வருவதற்கு வரி இல்லை, விற்றால்தான் உண்டு. ஆச்சி வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும் என்பதால் இது நீண்டகால ஆதாயம், 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்பதற்கு 12.5 சதவீதம். 2001-க்கு முன்பிருந்தே குடும்பத்தில் இருக்கும் காசு என்றால் 2001 ஏப்ரல் 1 அன்று என்ன மதிப்போ அதைக் கொள்முதல் விலையாக வைத்துக்கொள்ளலாம், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கி வழியாகவே வாங்குங்கள்.

பீரோவில் இருந்தது வேறு, மண்ணில் கிடைத்தது வேறு. பழைய வீட்டை இடிக்கும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு கிடைத்தால் அது புதையல், 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும், தாத்தா புதைத்ததுதான் என்றாலும் அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் பானைக்குள் 505 தங்கக் காசுகள் கிடைத்தபோது அதிகாரிகள் எடுத்துக் கருவூலத்தில் வைத்தார்கள்.

கடைசியாகச் சித்தி மகன் கேட்ட கேள்வி. தன் அம்மா பங்கில் வந்த கேடயக் காசைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அங்கே தரச் சான்று வாங்கி விற்கலாமா என்றான். நூறு வயது தாண்டிய காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது, தபாலில் அனுப்புவதும் அப்படியே. விமான நிலையத்தில் பிடித்தால் காசும் போகும், வழக்கும் வரும். விற்பதானால் இங்கேயே ஏலத்தில் கொடுக்கலாம் என்று சொன்னேன். சித்தி விற்கவே சம்மதிக்கவில்லை, லாக்கரில் வைத்துவிட்டு சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்கள்.